திருச்சியில் ஏறும் விமானங்களின் இருக்கைகள்: ஏ320, 737 ஒரு நேர் ஒப்பீடு

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் என்று செட்டிநாட்டில் எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும், பிள்ளையோ பெண்ணோ சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ இருக்கும் வீடுகள் ஏராளம். நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்குக்குப் போன தலைமுறையின் பேரப்பிள்ளைகள், இன்று திருமயம், புதுக்கோட்டை வழியாக ஏறத்தாழ 90 கி.மீ. காரில் போய், நகருக்குள் நுழையும் முன்பே சாலையோரம் வந்துவிடும் திருச்சி விமான நிலையத்தில் ஏறுகிறார்கள். பயணச்சீட்டு எடுக்கும்போது கட்டணம் எவ்வளவு, எத்தனை கிலோ சாமான் கொண்டுபோகலாம், எத்தனை மணிக்குப் போய் இறங்கும் என்ற மூன்றையும் துருவித் துருவிக் கேட்கிறோம். போவது எந்த விமானம், அதில் ஒருவர் உட்காரக் கிடைக்கும் இடம் எவ்வளவு என்பதை மட்டும் கேட்பதில்லை. சுமார் நான்கு மணி நேரம் உடம்பு படுவது அந்த இடத்தில்தான். ஆகவே இந்த மதிப்பீட்டில் சாப்பாடு, உபசரிப்பு, நேரந்தவறாமை ஆகியவற்றையெல்லாம் ஒதுக்கிவிட்டு, இருக்கையை மட்டுமே எடுத்துக்கொள்கிறேன்.

திருச்சியிலிருந்து கிழக்கே பறப்பவை பெரும்பாலும் இரண்டே குடும்பத்து விமானங்கள். ஸ்கூட், ஏர் ஏசியா, இண்டிகோ ஆகியவற்றில் ஏறினால் அநேகமாக ஏர்பஸ் ஏ320 அல்லது அதன் நீண்ட வடிவமான ஏ321. பாத்திக் ஏர் மலேசியாவில் ஏறினால் போயிங் 737. ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் இரண்டு வகையையும் வைத்திருக்கிறது. இவை எல்லாவற்றிலும் நடுவில் ஒரே நடைபாதை, இருபுறமும் மும்மூன்று இருக்கைகள். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். உள்ளே போய் நடு இருக்கையில் உட்கார்ந்தவருக்கு அப்படித் தோன்றாது.

காரணம் விமானத்தின் உடற்கூட்டில் இருக்கிறது. ஏ320 இன் உட்புற அகலம் 3.70 மீட்டர், 737 இன் உட்புற அகலம் 3.54 மீட்டர். இந்த 16 சென்டிமீட்டரை ஆறு இருக்கைகளுக்குப் பங்கிட்டால், ஆளுக்கு ஏறத்தாழ ஓர் அங்குலம் கூடுகிறது. ஏ320 இல் இருக்கை 18 அங்குலம் என்றால் 737 இல் சுமார் 17 அங்குலம் என்ற கணக்கு இப்படித்தான் வருகிறது. போயிங் 737 முதன்முதலில் பறந்தது 1967 இல். ஆனால் அதன் உடற்கூட்டின் மேற்பாதி அகலம் அதற்கும் முன்பே, 1957 இல் பறந்த 707 விமானத்திற்காக முடிவு செய்யப்பட்டது. இன்று புத்தம் புதிதாக வரும் 737 மேக்ஸிலும், எஞ்சினும் இறக்கை நுனியும் விளக்குகளும் மாறியிருக்கின்றனவே தவிர, தோளுக்குக் கிடைக்கும் இடம் அந்தக் காலத்தில் வரைந்த வட்டத்துக்குள்தான் அடங்கியிருக்கிறது. ஏர்பஸ் நிறுவனத்தார் பின்னால் வந்தவர்கள். 1987 இல் முதலில் பறந்த ஏ320 ஐ வடிவமைத்தபோது, போட்டியாளரைவிட அகலமான உடற்கூட்டை வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தார்கள்.

ஓர் அங்குலத்தில் என்ன வந்துவிடப் போகிறது என்று கேட்பவர்கள் உண்டு. ஒல்லியான இளைஞர் ஒருவர் ஜன்னல் ஓரத்தில் தனியாகப் போனால் ஒன்றும் வராது என்று ஒப்புக்கொள்கிறேன். மூன்று பெரியவர்கள் ஒரே வரிசையில் உட்காரும்போதுதான் அதன் அருமை தெரிகிறது. 737 இன் நடு இருக்கையில் உட்கார்ந்தவர் முழங்கைகளை வயிற்றோடு ஒட்டிவைத்துக்கொண்டுதான் பயணம் செய்ய முடியும். கைகளை விரித்தால் பக்கத்தில் இருப்பவர் மேல் படும், படாமல் இருக்க முயன்றால் இறங்கும்போது தோள்பட்டை இறுகியிருக்கும். ஜன்னல் இருக்கையிலும் 737 இன் சுவர் தோள் உயரத்தில் சற்று உள்வாங்கி வளைவதை, சாய்ந்து தூங்க முயலும் எவரும் உணரலாம். ஏ320 இல் அந்தச் சுவர் கொஞ்சம் எட்டி நிற்கிறது. அகலத்தைப் பொறுத்தவரை என் தீர்ப்பில் ஐயமே இல்லை: ஏ320 தான் மேல்.

இருக்கையின் நீளவாட்டு இடத்திற்கு வந்தால், வழக்கு இவ்வளவு எளிதாகத் தீராது. உடற்கூட்டின் அகலத்தை எந்த விமான நிறுவனத்தாலும் மாற்ற முடியாது; வரிசைக்கும் வரிசைக்கும் இடையே எத்தனை அங்குலம் விடுவது என்பதோ முழுக்க முழுக்க அந்தந்த நிறுவனத்தின் முடிவு. இருக்கைகள் தரையில் பதித்த தண்டவாளம் போன்ற உலோகப் பட்டைகளில் பூட்டப்படுகின்றன. அவற்றை முன்னே பின்னே நகர்த்தி ஒரு வரிசை கூட்டலாம், குறைக்கலாம். அதனால்தான் ஒரே ஏ320 வகை விமானத்தில், வணிக வகுப்பும் வைத்து 150 பேருக்குச் சற்று மேலாக ஏற்றுகிறவர்களும் இருக்கிறார்கள், 180, 186 என்று நிரப்புகிறவர்களும் இருக்கிறார்கள். குறைந்த கட்டண நிறுவனங்களில் இந்த இடைவெளி பொதுவாக 28 முதல் 30 அங்குலம். முழுச்சேவை நிறுவனங்களில் 30 முதல் 32 அங்குலம் வரை எதிர்பார்க்கலாம். எனவே அகலமான ஏ320 இல் ஏறியும் முழங்கால் இடிபடலாம், ஒடுக்கமான 737 இல் ஏறியும் காலை நீட்டிக்கொள்ளலாம். தோளுக்கு விமானத்தின் வகையைப் பார்க்க வேண்டும். காலுக்கு நிறுவனத்தைப் பார்க்க வேண்டும்.

இந்த இடைவெளி எண்ணையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. ஓர் இருக்கையின் ஒரு புள்ளியிலிருந்து முன் இருக்கையின் அதே புள்ளி வரை அளப்பதே இந்தக் கணக்கு. ஆகையால் முதுகுப்பகுதியின் தடிமனும் அதற்குள் அடங்கிவிடுகிறது. பழைய பாணி மெத்தை இருக்கைகள் தடிமனானவை. இப்போது ரெகாரோ போன்ற தயாரிப்பாளர்களிடமிருந்து வரும் மெல்லிய இருக்கைகளில் முதுகுப்பகுதி பலகை போல ஒடுங்கிவிட்டது. பத்திரிகை வைக்கும் பையும் முழங்கால் உயரத்திலிருந்து மேலே, சாப்பாட்டுத் தட்டுக்கு மேற்புறம் போய்விட்டது. ஆகவே 29 அங்குலத்து மெல்லிய இருக்கையில், 30 அங்குலத்துப் பழைய இருக்கையில் கிடைக்கும் அளவுக்கு முழங்காலுக்கு இடம் கிடைப்பதுண்டு. அதற்குக் கொடுக்கும் விலை மெத்தையில் தெரிகிறது. முதல் ஒரு மணி நேரம் குறையொன்றும் தோன்றாது; மூன்றாவது மணி நேரத்தில் இடுப்பெலும்பு இருக்கையின் அடிப்பலகையைத் தேட ஆரம்பித்துவிடும். ஒரு நிறுவனத்தின் விமானத்தில் எனக்குக் கிடைத்த இருக்கையில் பஞ்சு நன்றாக அமுங்கிப்போய், தொடைக்குக் கீழே குறுக்காக ஓடும் உலோகக் குழாயைத் துணி உறையின் மேலாகவே விரலால் தடவிப் பார்க்க முடிந்தது. மடித்த சால்வையை அதன் மேல் போட்டுத்தான் உட்கார வேண்டியிருந்தது. இது வடிவமைப்பின் குறையன்று, பராமரிப்பின் குறை. பஞ்சு மாற்றுவது பெரிய செலவில்லை என்னும்போது அதைச் செய்யாமல் விடுவது பயணிகளை மதிக்காத செயல் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

சில விமானங்களில் இருக்கைகள் சாயவே சாயா. தொடக்கத்திலேயே இலேசாகப் பின்னால் சாய்ந்த நிலையில் அவற்றை நிலைநிறுத்தி விடுகிறார்கள். சென்னைக்கோ கொழும்புக்கோ போகிறவர்களுக்கு இது நல்ல ஏற்பாடு என்றே சொல்வேன். முன்னால் இருப்பவர் திடீரென்று சாய்ந்து நம் முழங்காலில் இடிக்கும் தொல்லை இல்லை. சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் இரவில் புறப்படும் விமானங்களில்தான் இது வயதானவர்களை வருத்துகிறது. தலை முன்னால் தொங்கி விழித்துக்கொள்வதும், மறுபடி கண்ணயர்வதுமாக இரவு கழிகிறது. நம் கடிகாரத்தைவிட இரண்டரை மணி நேரம் முந்தியிருக்கும் ஊரில் போய் இறங்குவதால், தூக்கத்தில் அதுவும் குறைந்துபோகிறது. கழுத்தைத் தாங்கும் பிறைவடிவத் தலையணை ஒன்று, இந்த இருக்கைகளுக்கு அவசியமான துணை.

எங்கள் அப்பத்தாவைச் சிங்கப்பூருக்கு அழைத்துப் போனபோது அறிந்த ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். முழங்கால் வலி உள்ளவர் என்பதால் நடைபாதை ஓர இருக்கையே வாங்கியிருந்தோம். உட்காருவதற்கு, இரண்டு கைப்பிடிகளுக்கும் நடுவே உடம்பைத் திருப்பி இறக்க வேண்டியிருந்தது. மடங்காத முழங்காலோடு அது அவருக்கு முடியவில்லை. "ஏன் ராசா, இந்தக் கையைத் தூக்கிவிட முடியாதா?" என்று கேட்டார். நடுவில் உள்ள கைப்பிடிகள் மேலே மடங்கும், நடைபாதைப் பக்கத்துக் கைப்பிடி மடங்காது என்றுதான் பலரும் நினைத்திருக்கிறார்கள். பணிப்பெண் குனிந்து, அந்தக் கைப்பிடியின் அடிப்புறத்தில், கீலுக்கு அருகே கையை விட்டு ஒரு சிறு பொத்தானை அழுத்தினார். கைப்பிடி முழுவதுமாக மேலே எழுந்துவிட்டது. அப்பத்தா இருக்கையில் பக்கவாட்டில் அமர்ந்து, கால்களை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்துக்கொண்டார். கண்ணுக்குத் தெரியாத இந்தப் பொத்தான் ஏ320, 737 இரண்டிலும் பெரும்பாலான நடைபாதை இருக்கைகளில் இருக்கிறது. விமானம் கிளம்பும்போதும் இறங்கும்போதும் கைப்பிடி கீழேதான் இருக்க வேண்டும். மற்ற நேரங்களில் தூக்கிக்கொள்ளலாம். முதியவர்களை அழைத்துப் போகிறவர்கள் ஏறியவுடன் பணியாளரிடம் கேட்டு இதைச் செய்துகொண்டால், ஏறுவதிலும் இறங்குவதிலும் உள்ள பாதிச் சிரமம் தீரும்.

அதே காரணத்தால், முதல் வரிசையைக் காசு கொடுத்து வாங்குவதை நான் பரிந்துரைப்பதில்லை. முன்னால் இருக்கை இல்லாததால் முழங்காலுக்கு இடம் உண்டு என்பது மெய்தான். ஆனால் அங்கே சாப்பாட்டுத் தட்டு கைப்பிடிக்குள் மடித்து வைக்கப்பட்டிருப்பதால், கைப்பிடிகள் தடித்தும் அசையாமலும் இருக்கின்றன. உட்காரும் அகலம் குறைகிறது, சற்றுப் பருத்த உடம்புடையவர்களுக்கு இடுப்பு இறுகுகிறது. எதிரே தடுப்புச்சுவர் இருப்பதால் காலை முழுக்க நீட்டவும் முடியாது. மருந்துப் பையைக் காலடியில் வைத்துக்கொள்ள முன் இருக்கை இல்லாததால், அதையும் மேலே ஏற்ற வேண்டியதாகிறது. இரண்டாவது, மூன்றாவது வரிசைகள் இவற்றைவிட நல்லவை. கட்டணமும் பொதுவாகக் குறைவு.

அவசர வழி வரிசைகளில் கால் நீட்ட இடம் தாராளம். உயரமானவர்களுக்கு அதைவிட நல்ல இருக்கை சாதாரண வகுப்பில் இல்லை. ஆனால் வயதானவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளோடு வருகிறவர்களுக்கும் அங்கே அனுமதி கிடையாது. ஆபத்துக் காலத்தில் கதவைத் திறந்து மற்றவர்களை வெளியேற்ற உதவக்கூடியவர்கள்தான் அங்கே உட்கார வேண்டும். இது நியாயமான விதி. 180 பேருக்கு மேல் ஏற்றும் ஏ320 இல் இப்படி இரண்டு வரிசைகள் அடுத்தடுத்து இருக்கும். அவற்றுள் முன்வரிசை இருக்கையைச் சாய்க்க முடியாது, ஏனெனில் அது பின்வரிசையின் வழியை அடைத்துவிடும். ஆகவே இரண்டுக்கும் ஒரே விலை போட்டிருந்தால் பின்வரிசையை வாங்குவதே விவேகம்.

ஜன்னல் விரும்பிகளுக்கு 737 இல் ஓர் எச்சரிக்கை. இறக்கைக்குச் சற்று முன்னால், இடதுபுறத்தில் ஓர் இருக்கைக்கு ஜன்னலே இருக்காது. விமானத்தின் அடிவயிற்றிலிருந்து குளிர்காற்றை மேற்கூரைக்குக் கொண்டுபோகும் குழாய் அந்த இடத்துச் சுவருக்குள் ஏறுவதால் அங்கே ஜன்னல் வெட்டவில்லை. வரிசை எண், இருக்கை அமைப்பைப் பொறுத்து 10, 11 என்று மாறும். ஜன்னலுக்கென்றே கூடுதல் பணம் வாங்கிக்கொண்டு, விமானத்தைக் கடைசி நேரத்தில் மாற்றி, வெறும் சுவரைப் பார்த்தபடி எங்களை உட்காரவைத்த அனுபவமும் உண்டு. அந்தப் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று எழுதிக் கேட்டதற்கு, இருக்கை ஓரத்து இருக்கைதானே என்ற பதில் வந்தது. வெளியே பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்ட குழந்தைக்கு அது பதிலாகுமா?

தலைக்கு மேலுள்ள சாமான் பெட்டிகளில் 737 இப்போது பின்தங்கவில்லை. மேக்ஸ் விமானங்களில் சக்கரப் பெட்டியைப் படுக்கவைக்காமல் விளிம்பில் நிறுத்திவைக்கும்படியான பெரிய பெட்டிகள் வரத்தொடங்கிவிட்டன. முன்பு நான்கு பெட்டி வைத்த இடத்தில் ஆறு வைக்கலாம். புதிய ஏ321நியோ விமானங்கள் சிலவற்றிலும் இதே ஏற்பாடு உண்டு. நம் பக்கத்துப் பயணிகளுக்கு இதில் தனிக் கவலை இருக்கிறது, ஏனென்றால் சீடையும் மாவுருண்டையும் அடைத்த டின்னை விமான நிலையத்தில் ஒப்படைக்கும் சாமானில் போட மனம் வராமல் கையிலேயே கொண்டுபோகிறோம். விளிம்பில் நிற்கும் சக்கரப் பெட்டிகளுக்கு இடையில் ஒரு டின்னைச் செருகுவது பழைய பெட்டியைவிட எளிது. எடை 7 கிலோவைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

சத்தத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நியோ, மேக்ஸ் இரண்டின் புது எஞ்சின்களும் பழையவற்றைவிட அமைதியானவை. இறக்கைக்கு முன்னால் உட்கார்ந்தால் இன்னும் அமைதி. விமானம் குலுங்கும்போது இறக்கையை ஒட்டிய வரிசைகளில் ஆட்டம் குறைவாகவும் வாலில் அதிகமாகவும் தெரியும்.

உடல்நலத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டும். இந்த இரண்டு குடும்பத்து விமானங்களிலும், உயரத்தில் பறக்கும்போது உள்ளே இருக்கும் காற்றழுத்தம், அதிகபட்சமாக 8,000 அடி உயர மலையில் இருப்பதற்குச் சமமாக வைக்கப்படுகிறது. காற்றில் ஈரமும் மிகக் குறைவு. நெடுநேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தால் கால் வீங்குகிறது. நான்கு மணி நேரமோ அதற்கு மேலோ நீளும் பயணங்களில், காலின் இரத்த நாளங்களில் இரத்தம் உறையும் அபாயம் ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2007 இல் தெரிவித்தது. அபாயம் சுமார் 6,000 பேரில் ஒருவருக்குத்தான் என்றும் அதுவே சொல்கிறது; ஆகவே பயப்பட வேண்டியதில்லை, ஆனால் கவனிக்க வேண்டியது. திருச்சி–சிங்கப்பூர் பயணம் அந்த நான்கு மணி நேர எல்லையில்தான் இருக்கிறது. அதற்கு முன்னால் ஊரிலிருந்து காரில் உட்கார்ந்து வந்த நேரமும் சேருகிறது. முதியவர்களுக்கு நடைபாதை இருக்கையைத் தவிர வேறெதையும் வாங்காதீர்கள் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்த ஆச்சிமார் பலர், பக்கத்தில் உள்ள இருவரை எழுப்பக் கூச்சப்பட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் அடக்கிக்கொண்டு வருவதைப் பார்த்திருக்கிறேன்.

கழிப்பறை விஷயத்தில் இரண்டு விமானங்களும் ஏமாற்றமே. 180 பேருக்கு மேல் ஏற்றும் விமானத்தில் பெரும்பாலும் மூன்றே கழிப்பறைகள். இருக்கைகளைக் கூட்டுவதற்காக அவற்றைப் பின்சுவரோடு ஒடுக்கியிருக்கிறார்கள். சேலை கட்டிய முதியவர் ஒருவர் உள்ளே திரும்புவதே சிரமம். இதற்கு எந்த நிறுவனத்துக்கும் நான் நல்ல மதிப்பெண் தரமாட்டேன். ஏ321நியோவில் நெரிசல் இன்னும் கூடுகிறது. அது ஏ320 ஐவிட ஏறத்தாழ 7 மீட்டர் நீளம், அகலம் அதேதான். ஸ்கூட் நிறுவனத்தின் ஏ321நியோவில் 236 இருக்கைகள். அத்தனை பேரும் ஒரே நடைபாதையில் ஏறி இறங்க வேண்டும். பின்வரிசையில் இருந்தால் இறங்குவதற்கே நெடுநேரம் நிற்க நேரும். சக்கர நாற்காலி கேட்டிருப்பவர்கள் கடைசியில்தான் இறக்கப்படுவார்கள் என்பதால் அவர்களுக்கு அது பொருட்டில்லை. இணைப்பு விமானம் பிடிக்க வேண்டியவர்கள் முன்பகுதியை வாங்குவது நல்லது.

ஒற்றை நடைபாதை விமானங்களில் உட்காருவதற்கு மிகச் சிறந்தவை நம் பக்கம் வருவதில்லை என்பதுதான் என் ஆதங்கம். ஏர்பஸ் ஏ220 இல் ஒருபுறம் இரண்டு, மறுபுறம் மூன்று என்று வரிசைக்கு ஐந்தே இருக்கைகள். நடு இருக்கை வரிசைக்கு ஒன்றுதான், அதையும் 19 அங்குலமாக அகலப்படுத்தியிருக்கிறார்கள். எம்ப்ரேயர் இ2 இல் இருபுறமும் இரண்டிரண்டு. நடு இருக்கை என்பதே கிடையாது. கணவனும் மனைவியுமாகப் போகும் வயதான தம்பதியருக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு வேறில்லை. ஸ்கூட் 2024 முதல் இந்த எம்ப்ரேயரை ஓட்டுகிறது. திருச்சிக்கும் மதுரைக்கும் அதைக் கொண்டுவந்தால் முதல் ஆளாக வரவேற்பேன். இப்போதைக்கு இரண்டிரண்டாக உட்காரும் வசதி, சென்னைக்குப் பறக்கும் ஏடிஆர் விமானத்தில்தான் கிடைக்கிறது. அது ஜெட் அன்று, விசிறி சுழலும் 78 இருக்கை விமானம்; இரைச்சலும் அதிர்வும் உண்டு. இருந்தாலும் ஒரு மணி நேரப் பயணத்திற்கு, நடு இருக்கை இல்லாத அந்த நிம்மதி இரைச்சலை ஈடுகட்டிவிடுகிறது.

ஆகவே பயணச்சீட்டு எடுக்கும்போது நான் பார்க்கும் வரிசை இது. பெரியவர்கள் இருவர் மூவராகப் போகும்போது, கட்டணம் ஆயிரம் ரூபாய் கூடுதலாக இருந்தாலும் ஏ320 தான். இரண்டு முதல் ஆறு வரையிலான வரிசைகளுக்குள் நடைபாதை இருக்கைகளை எதிரெதிராக வாங்கிவிடுவேன். தனியாகப் போகும்போது 737 ஆனாலும் ஜன்னல் ஓரம் கிடைத்தால் போதும், ஜன்னலில்லாத அந்த வரிசையை மட்டும் தவிர்த்துவிட்டு. வரிசை இடைவெளி 30 அங்குலம் அல்லது அதற்கு மேல் தரும் நிறுவனம் அதே நாளில் இருந்தால், விமானம் எந்த வகையானாலும் உயரமானவர்களை அதில் ஏற்றிவிடுவேன். கொழும்புக்குப் பறக்கும் நேரம் ஒரு மணி அளவுதான். அதற்கு இவ்வளவு ஆராய வேண்டியதில்லை. விமானத்தின் வகை, முன்பதிவுப் பக்கத்தில் பயண விவரம் என்ற இடத்தைத் தொட்டால் சிறிய எழுத்தில் வரும். ஏஜெண்டிடம் பதிவு செய்பவர்கள் அதைப் படித்துச் சொல்லும்படி கேட்க வேண்டும். பயணத்துக்கு முந்தின நாள் மறுபடியும் ஒருமுறை பார்த்து, விமானம் மாறியிருந்தால் இருக்கை எண்ணையும் மாற்றிக்கொள்ள வேண்டும்.